தொழில் தேர்வும் சிராவக அறமும்

ஒரு குடும்பத்தின் ஒழுக்கத்தை அறிய வேண்டுமாயின் அதன் பூஜையறையை மட்டும் நோக்கினால் போதாது. அக்குடும்பத்தார் எத்தொழிலை விரும்பி ஏற்பர், எதனை வருவாய் மிகுந்திருந்தும் மறுப்பர், அதற்கு என்ன காரணம் கூறுவர் என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். வழிபாட்டிற்கு நாம் ஒரு நாழிகை ஒதுக்குகிறோம். தொழிலுக்கோ பகற்பொழுது முழுவதையும் கொடுக்கிறோம். ஆதலின் நாம் எதனை மதிக்கிறோம் என்பது தொழிலிலேயே தெளிவாகத் தெரியும்.

சென்ற தைத் திங்களில் எம் பேத்தி ஒரு கேள்வியோடு வந்தாள். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைத் தூய்மை செய்யும் பொது நிலையம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. "தோல் என்ற சொல்லே நம் வீட்டிற்கு வேண்டாம்" என்றனர் வீட்டார். "பாட்டி, நீங்கள் சொல்லுங்கள். நான் சேரலாமா?" என்றாள் அவள். அக்கேள்விக்கு விடை தேடியபோது எழுந்த எண்ணங்களையே இப்பாடமாக எழுதுகிறோம்.

அறநூல்கள் காட்டும் நெறி

கற்பக மரங்கள் மறைந்து, மக்கள் வாழும் வழி அறியாது திகைத்த காலத்தில், ஆதிபகவனாகிய ரிஷபதேவர் வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் அறுதொழில்களைக் கற்பித்தருளினார் என நம் புராணங்கள் கூறும். உழைத்து உண்பது இழிவன்று என்பது இதனால் விளங்கும்.

எனினும், தொழிலில் இம்சை கலந்திருப்பதை நம் முன்னோர் மறைக்கவில்லை. கொல்ல வேண்டும் என்று கருதியே செய்வது சங்கல்பி இம்சை. சமையல் முதலிய இல்ல வேலைகளில் நிகழ்வது ஆரம்பி இம்சை. பிழைப்பிற்கான தொழிலில் நிகழ்வது உத்யோகி இம்சை. தற்காப்பில் நிகழ்வது விரோதி இம்சை. இல்லறத்தார் முதலாவதை அறவே விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும்.

இதற்கு மேலும் சிராவக நெறி நூல்கள் பதினைந்து கொடுந்தொழில்களை எடுத்துரைக்கின்றன. தந்தம் முதலிய விலங்கின் உறுப்புகளை விற்பது அவற்றுள் ஒன்று. நஞ்சு விற்பது மற்றொன்று. ஏரி குளங்களை வற்றச் செய்வது பிறிதொன்று. தோல் என்றதும் நாம் முதலாவதை மட்டும் நினைவுகூர்கிறோம். மற்ற இரண்டையும் நினைவூட்டப் பாலாறு நம் ஊர்களின் வழியே ஓடுகிறது.

வகுப்பறையில் யாம் கற்ற பாடம்

1990-களின் தொடக்கத்தில், ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவியருக்கு யாம் ஒரு பயிற்சி அளிப்பது வழக்கம். தாளில் மூன்று கட்டங்கள் வரைய வேண்டும். முதற்கட்டத்தில் தாம் விரும்பும் தொழில், இரண்டாவதில் எந்நிலையிலும் செய்யாத தொழில், மூன்றாவதில் காரணம். கரும்பலகையில் யாமே ஓர் எடுத்துக்காட்டை எழுதிக் காட்டினோம். இரண்டாம் கட்டத்தில் தோல் பதனிடுதல் என்றும், மூன்றாவதில் இழிவு, நாற்றம் என்றும் எழுதினோம்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அம்மா, என் அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல் புரட்டுபவர். அந்தக் கூலியில்தான் இந்த நோட்டு வாங்கினேன். இழிவு என்று எழுதியிருக்கிறீர்களே, அது தொழிலையா, என் அப்பாவையா?" என்றாள்.

எமக்கு விடை கூற இயலவில்லை. அகிம்சையைக் காரணமாகக் காட்டியிருந்தால் அது எம் கொள்கையாக இருந்திருக்கும். யாம் காட்டியதோ அருவருப்பு. அச்சொல்லால் ஒரு பெண்ணின் மனத்தைப் புண்படுத்தியதும் இம்சையே. மறுநாள் அவளிடம் வகுப்பின் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டோம். அன்றிலிருந்து அத்தாளில் நான்காவது கட்டம் ஒன்றைச் சேர்த்தோம்: "இத்தொழிலின் துன்பத்தைச் சுமப்பவர் யார்?"

பாலாறு நிரப்பிய நான்காம் கட்டம்

இக்கேள்வியைத் தோல் தொழிலிடம் கேட்டால் கிடைக்கும் விடை நீண்டது. முதலில் உயிரிழந்த விலங்கு. அடுத்து நீர். மூலத்தோல் கெடாதிருக்க உப்பிடுவர். பதனிடுமுன் அவ்வுப்பைக் கழுவி நீக்குவர். முற்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவியபின் கழிவின் கொடுமை மிகுந்தது. கழுவிய உப்பு நீர் கிணறுகளை உவர்ப்பாக்கியது. வயல்கள் விளைச்சலை இழந்தன.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் மிகுந்த பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்னும் ஆய்வு முடிவை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியையும் நிலைநாட்டியது. இழப்பீடு முழுமையாகச் சென்றடையாத குறையை, 2025 சனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பால் தீர்க்க முற்பட வேண்டியிருந்தது. 2015 சனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, இரவில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். நான்காம் கட்டத்தில் அவர்களுக்கும் இடம் உண்டு.

அதே வேளையில், ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்கள் பலர் தம் ஊதியத்தால் பெண்மக்களைப் படிக்க வைக்கின்றனர் என்பதையும் எழுதாமல் விட்டால் அது வாய்மை ஆகாது.

நம் வீட்டுக் கணக்கு

பிறர் தொழிலை அளந்த அதே கோலால் நம் தொழிலையும் அளக்க வேண்டும். எம் தந்தையார் பாலாற்றங்கரையிலிருந்த இரண்டு ஏக்கர் நன்செயை விற்றார். வாங்கியவர் தோல் தொழிற்சாலை கட்டப்போகிறார் என்பது ஊரறிந்த செய்தி. நல்ல விலை வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பணத்தில்தான் யாம் ஆசிரியப் பயிற்சி பெற்றோம். சில ஆண்டுகளில் அடுத்த நிலத்துக்காரரின் கிணறு உவர்ந்தது. தோலை நாம் கையால் தொடவில்லை. ஆயினும் அத்தொழிலின் ஊதியத்தில் ஒரு பங்கு எம் கல்வியாயிற்று.

நம்மவருள் பலர் உழவர். பயிருக்கு நஞ்சு தெளிக்கும்போதும், ஆழ்துளைக் கிணற்றால் அண்டையார் நீரை வற்றச் செய்யும்போதும், நூல்கள் விலக்கிய இரண்டு செயல்கள் நம் வயலிலேயே நிகழ்கின்றன அல்லவா? தோல் தொழிலை வெறுக்கும் நம் வாயிற்படியில் தோற்செருப்பு கிடப்பது முறையா? தொழிலை மறுக்க நமக்கு உரிமை உண்டு. அத்தொழிலைச் செய்பவரை இகழ நமக்கு உரிமை இல்லை.

வாணியம்பாடியை அடுத்த மலையம்பட்டில், ஆர்மாமலைக் குகையில், சமணத் துறவியர் தங்கிய இடத்தையும் பழைய ஓவியங்களின் எச்சங்களையும் இன்றும் காணலாம். ஓருயிர்க்கும் ஊறு செய்யாது வாழ முயன்றவர்கள் அவர்கள். அக்குகை தோல் தொழில் மிகுந்த அதே வட்டாரத்தில்தான் உள்ளது. இந்நிலத்தின் நீரைக் காப்பதில் நமக்கும் கடமை உண்டு என்றே யாம் கருதுகிறோம்.

பேத்திக்குக் கூறிய விடை

அவளிடம் நான்கு கட்டங்கள் கொண்ட தாளைக் கொடுத்தோம். தான் செய்யப்போகும் வேலையால் யாருக்குத் துன்பம் கூடும், யாருக்குக் குறையும் என்று அவளே எழுதினாள். நீர் தூய்மையானால் ஆற்றின் கீழ்ப்பகுதி உழவருக்கும், அந்நீரில் வாழும் எண்ணற்ற சிற்றுயிர்களுக்கும் துன்பம் குறையும். அந்நிலையம் இல்லையெனில் தோல் தொழில் நின்றுவிடாது, கழிவே பெருகும். ஆதலின் சேர்வது தகும் என்றோம். அதே நிறுவனம் தோல் வாங்கி விற்கும் வேலை கொடுத்திருந்தால் யாம் இசைந்திருக்க மாட்டோம் என்பதையும் கூறினோம்.

ஒரு நிபந்தனை மட்டும் விதித்தோம். "கருவி காட்டும் அளவை உள்ளவாறே எழுது. ஓர் எண்ணைக் குறைத்து எழுதுமாறு யாரேனும் சொன்னால், அன்றே வேலையை விட்டு வீட்டிற்கு வந்துவிடு. வாய்மை கெட்டபின் அந்த வேலையில் அகிம்சையும் இராது." அவள் பங்குனியில் பணியில் சேர்ந்தாள்.

இல்லத்தில் செய்யத்தக்க பயிற்சி

விடுமுறை நாளொன்றில் பெரியோரும் சிறியோரும் கூடி அமர்ந்து இந்நான்கையும் தனித்தனியே எழுதுக.

1. யான் விரும்பும் தொழில் எது?
2. எவ்வளவு ஊதியம் தந்தாலும் செய்யாத தொழில் எது?
3. அதற்குக் காரணம் அறமா, அருவருப்பா, ஊரார் பேச்சுக்கு அஞ்சும் அச்சமா?
4. இன்று நம் குடும்பத்திற்குச் சோறிடும் தொழிலின் துன்பத்தைச் சுமப்பவர் யார்? அச்சுமையை இவ்வாண்டு எவ்வளவு குறைக்கலாம்?

முதல் மூன்றிற்கும் பிள்ளைகள் விரைவில் விடை எழுதிவிடுவர். நான்காவதைப் பெற்றோர் முதலில் எழுதிப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுதல் நலம்.