அந்தப் பிள்ளை ஏன் பேசவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பளியர் பழங்குடியினர் பேசுவதும் தமிழ்தானே, நம் பள்ளியும் தமிழ்வழிதானே, அப்புறம் எதற்கு அவர்களுக்கென்று தாய்மொழிக் கல்விப் பேச்சு என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வகுப்பில் பளியர் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்றும் வருந்தியிருந்தீர்கள். கேள்விக்கான பதில் அந்த வருத்தத்திலேயே இருக்கிறது.

பளியர் பேச்சு தமிழுக்கு மிக நெருக்கமானது, உண்மை. அந்த நெருக்கமே இங்கே வினையாகிறது. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982-இல் தங்கள் மொழியிலேயே மழலையர் பள்ளி தொடங்கியபோது, எதிரே நின்றது ஆங்கிலம். வேறுபாடு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. நம் தேனி மாவட்டத்து வருசநாட்டிலும் போடி மலையிலும் லோயர் கேம்ப் அருகே பளியன்குடியிலும் அது தெரியாது. பிள்ளையின் வீட்டுப் பேச்சு இன்னொரு பேச்சாகத் தோன்றாமல், தப்பும் தவறுமான தமிழாகத் தோன்றிவிடுகிறது. திருத்துகிறோம், வகுப்பு சிரிக்கிறது.

பிள்ளையின் மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960-களில் பளியரோடு தங்கி ஆராய்ந்தவர். அவர்கள் போட்டியைத் தவிர்ப்பதையும், யாரும் யாரையும் அதட்டி அடக்காததையும், சிறு பிள்ளைக்குக்கூட அந்த மரியாதை உண்டு என்பதையும், அளந்தே பேசுவதையும் எழுதினார். அங்கே காட்டுக் கிழங்கு தோண்டுவதைப் பிள்ளை கூடவே போய், பார்த்துப் பார்த்துக் கற்கிறது. இன்று கைபேசியும் தோட்டக் கூலி வேலையும் வந்துவிட்டன. அந்தச் சுபாவம் ஒரே தலைமுறையில் போய்விடுமா? அப்படி வளர்ந்த பிள்ளையை எழுப்பி நிறுத்தி, "சத்தமாச் சொல்லு" என்கிறோம். முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்கிறோம். அது வாய் மூடிக்கொண்டால் மந்தம் என்று எழுதிவிடுகிறோம். இது அநியாயம், ஐயா.

ஒடிசாவைப் போலப் பழங்குடி மொழிகளில் தனிப் பாடநூல் தேனிக்கு உடனே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். வயநாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2017-இல் 'கோத்ரபந்து' திட்டத்தின்கீழ், ஆசிரியர் பயிற்சி பெற்ற பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்தினார்கள். வீட்டுப் பேச்சு தெரிந்த ஒருவர் வகுப்பிலேயே இருக்கிறார். அவரிடம் பிள்ளை கூசாமல் பேசும்.

நம் மலையடிவாரப் பள்ளிகளுக்கும் முதல் இரண்டு வகுப்புகளிலாவது அப்படி ஒருவர் வேண்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அந்தக் கூட்டத்துக்குப் பளியர் பெற்றோரையும் தவறாமல் அழையுங்கள். அவர்கள் பேசத் தொடங்கும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.

அன்புடன்.