பூ ஒன்று போல, செடி வேறு

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா மாவட்டத் தோட்டப்புறங்களிலும் ஆயர் குரோ போன்ற நகர்ப்புறங்களிலும் வீட்டு வாசலில் பூச்செடி வளர்க்கும் வழக்கம் உண்டு. அண்டை வீட்டார் ஒடித்துக் கொடுத்த கிளையை நட்டு வளர்த்த செடிகளும் அவற்றுள் இருக்கும். கிளை கைமாறும்; பெயர் கூடவே வருவதில்லை. நாளடைவில் 'மஞ்சள் பூச்செடி' என்பதே அதன் பெயராகிவிடும்.

அப்பெயருக்குப் பொருந்தும் செடிகளுள் இரண்டு அலமண்டாவும் மஞ்சள் அரளியும் ஆகும். மஞ்சள் அரளியைப் பொன்னரளி என்றும் கூறுவர். இரண்டும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து பரவியவை. ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் பூவும் ஐந்து இதழ்களுடன் புனல் வடிவில் இருக்கும். இரண்டையும் ஒடித்தால் வெண்பால் வடியும். ஆகவே, பூவையும் பாலையும் மட்டும் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. நிறமும் உறுதியான சான்று அன்று. ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் பொன்னரளியும் உண்டு.

இலையே முதலில் வழிகாட்டுகிறது. அலமண்டாவின் இலைகள் அகன்று பளபளப்பாக இருக்கும்; பெரும்பாலும் ஒரே கணுவில் மூன்று அல்லது நான்கு இலைகள் வட்டமாக அமைந்திருக்கும். பொன்னரளியின் இலைகளோ ஒடுங்கி நீண்டிருக்கும். கிளையைச் சுற்றி ஒவ்வொன்றாக அமையும். அலமண்டா வேலியில் சாய்ந்து படரும். பொன்னரளி சிறு மரமாக நிமிர்ந்து வளரும். அலமண்டாவின் இதழ்கள் நன்கு விரியும்; பொன்னரளியின் இதழ்கள் முறுக்கிக்கொண்டு பாதி விரிந்த நிலையிலேயே இருக்கும். காயும் வேறுபடும். அலமண்டாவின் காயில் முட்கள் இருக்கும். பொன்னரளியின் காய் வழவழப்பாகவும் பச்சையாகவும் இருந்து, முற்றியதும் கறுத்துவிடும்.

இவ்வேறுபாட்டை அறிவது பொழுதுபோக்கு அன்று. உயிர் காக்கும் அறிவு. பொன்னரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை. விதை மிகக் கொடியது. அந்நஞ்சு வாந்தியை உண்டாக்குவதோடு இதயத் துடிப்பையும் சீர்குலைக்கும். வாசலில் விளையாடும் சிறுவர்கள் அதன் காயைத் தின்னும் பழமென நினைத்துவிடக்கூடும். அலமண்டாவையும் உண்ணக்கூடாது, அது வயிற்றுப்போக்கை ஏற்படுத்தும்.

ஊருக்கு ஊர் பெயர் மாறும் இச்சிக்கலைத் தீர்க்கவே அறிவியல் பெயர் பயன்படுகிறது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் செடிகளுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டினார். பொன்னரளியை அவர் 'செர்பெரா தெவேத்தியா' என்று அழைத்தார். செர்பெரா என்னும் சொல், கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகைக் காக்கும் நாயான செர்பெரஸின் பெயரிலிருந்து வந்தது. இன்று அது 'கஸ்கபேலா தெவேத்தியா' எனப்படுகிறது. அலமண்டாவின் பெயர் 'அலமண்டா கத்தார்டிகா'. இதன் இரண்டாம் சொல்லுக்கு 'பேதியாக்குவது' என்பது பொருள். பெயரே எச்சரிக்கையாக அமைந்திருப்பதை இங்குக் காணலாம்.

பெயர் தெரியாத செடியைக் கண்டால் பூ, இலை அமைப்பு, தண்டு, காய் ஆகியவற்றைத் தனித்தனியே படம் எடுக்க வேண்டும். கைப்பேசிச் செயலி கூறும் பெயரை முடிவாகக் கொள்ளாமல், அறிவியல் ஆசிரியரிடமோ நாற்றுப்பண்ணையாளரிடமோ காட்டி உறுதிப்படுத்துவது நன்று. எக்காரணத்தைக் கொண்டும் சுவைத்துப் பார்க்கக்கூடாது. பால் பட்ட கையை உடனே கழுவ வேண்டும். யாரேனும் காயைத் தின்றுவிட்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் 999 எண்ணை அழைக்க வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும்போது அச்செடியின் கிளையையோ படத்தையோ எடுத்துச் சென்றால், எந்த நஞ்சு என்பதை மருத்துவர் விரைவில் அறிய அது உதவும்.