வைஷ்ணவ லக்ஷணம்: கடலோசையா, வாழ்நெறியா?

ஸ்ரீவைஷ்ணவ ஸம்பிரதாயத்தில் ‘வார்த்தை’ என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஆசார்யனும் சிஷ்யனும் தனித்திருந்தும், கோஷ்டியின் நடுவே இருந்தும் வினவியும் விடையிறுத்தும் நிகழ்த்திய உரையாடல்களையே பெரியோர் ‘வார்த்தை’ என்று வழங்கினர். நம்பிள்ளை திருவாய்மொழிக்கு அருளிச்செய்த காலக்ஷேபத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியதே ‘ஈடு முப்பத்தாறாயிரப்படி’. பதப்பொருளோடு இத்தகைய உரையாடல்களும் அவ்வியாக்கியானத்தின் இடையிடையே முத்துப்போல் பதிந்திருக்கின்றன. நம்பிள்ளையின் திருவடி பணிந்த பின்பழகிய பெருமாள் ஜீயரோ, ஆசார்யர்களின் வார்த்தைகளையே தொகுத்து ‘வார்த்தாமாலை’ என்னும் நூலாக அருளினார்.

இவ்வார்த்தைகளில் பலவாறு எழும் வினா ஒன்று உண்டு. வைஷ்ணவன் என்பவன் யார்? நெற்றியில் திருமண்காப்பும், தோள்களில் சங்கு சக்கரப் பொறியும், நாவில் திருநாமமும் அவனுக்கு அடையாளங்களே. பூர்வாசார்யர்கள் அவற்றைப் போற்றினர்; ஆயினும் அவற்றோடு நின்றுவிடவில்லை. கண்ணுக்குத் தெரியும் அடையாளத்துக்கு ஒத்த உள்ளம் இருக்கின்றதா என்பதே அவர்கள் ஆராய்ந்த பொருள். அவ்வாராய்ச்சியின் விடையை அவர்கள் சொல்லால் மட்டும் தந்தாரல்லர், வாழ்ந்தும் காட்டினர்.

பெரிய நம்பியின் மறுமொழி

ஆளவந்தாரின் சிஷ்யர்களுள் பெரிய நம்பியும் ஒருவர். மாறனேரி நம்பியும் ஒருவர். முன்னவர் அந்தணர் குலத்தில் தோன்றியவர். பின்னவர் தாழ்ந்தது என்று உலகம் ஒதுக்கிய குலத்தில் தோன்றியவர். மாறனேரி நம்பி நோயுற்றுத் தம் அந்திமகாலம் நெருங்கியபோது, எம்பெருமானுக்கு உரிய இவ்வுடல் பிறர் கைப்படாமல் இருக்கவேண்டும் என்று பெரிய நம்பியிடம் விண்ணப்பித்துக்கொண்டார். அவர் திருநாடு எழுந்தருளியபின், பெரிய நம்பி தம் கைகளாலேயே அவருக்கு ஈமக்கடன்களைச் செய்து முடித்தார்.

ஊரார் கொதித்தெழுந்தனர். குலவரம்பு அழிந்தது என்று பழித்தனர். பெரிய நம்பியை விலக்கியும் வைத்தனர். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் ஸந்நிதியில் பெரிய நம்பியிடம் பஞ்சஸம்ஸ்காரம் பெற்ற ராமானுஜர் (1017–1137), தம் ஆசார்யரை அணுகி, இவ்வாறு செய்தருளியது தகுமோ என்று வினவினார். விடை அறியாமல் கேட்ட வினா அன்று அது. பெரிய நம்பியின் வாயால் விடை வெளிப்பட்டு உலகம் உய்யவேண்டும் என்பதே உடையவரின் திருவுள்ளம்.

பெரிய நம்பி அளித்த மறுமொழியின் கருத்து இது: பறவையாகிய ஜடாயுவுக்குச் சக்கரவர்த்தித் திருமகன் தம் கையால் ஈமக்கடன் செய்தார். அப்பெருமானைக் காட்டிலும் தாம் உயர்ந்தவரும் அல்லர். அப்பறவையைக் காட்டிலும் மாறனேரி நம்பி தாழ்ந்தவரும் அல்லர். இதனோடு அவர் மற்றொன்றையும் வினவினார். திருவாய்மொழியில் மூன்றாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியும், எட்டாம் பத்தின் பத்தாம் திருவாய்மொழியும் அடியார் பெருமையையே பேசுகின்றன. குலம் பாராது எம்பெருமானின் அடியாருக்கு அடிமை செய்தலே பேறு என்று நம்மாழ்வார் அங்கே அறுதியிடுகின்றார். அப்பாசுரங்களை நாள்தோறும் ஓதிவிட்டு, செய்யவேண்டிய வேளையில் ஒதுங்கி நின்றால், ஆழ்வாரின் திருவாக்கு பொருளற்ற கடலோசையாக முடியாதோ என்பதே அவர் கேட்டது.

‘கடலோசை’ என்னும் இவ்வொரு சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கடல் ஓயாது ஒலிக்கின்றது. அவ்வொலியைக் கேட்டு எவரும் தம் நடையை மாற்றிக்கொள்வதில்லை. ஓதும் பாசுரமும் அவ்வாறே செவியில் விழுந்து ஓய்ந்துபோகலாம்; அன்றி, ஊரார் விலக்கினாலும் அஞ்சாமல் நிற்கும் உறுதியாக விளையவும் செய்யலாம். பெரிய நம்பி எதைத் தேர்ந்தார் என்பதை அவர் செயலே சொல்லிற்று. அதற்குரிய விலையையும் அவரே தந்தார்.

திருமலையில் கிடைத்த விடை

கூரத்தாழ்வானின் திருக்குமாரர் பராசர பட்டர். அவரிடம் ஒரு ஸ்ரீவைஷ்ணவர் வந்து, வைஷ்ணவனுக்கு லக்ஷணம் யாது என்று வினவினார். வேதாந்தக் கடலைக் கரைகண்ட பட்டருக்கு அதனை விரித்துரைப்பது அரிதன்று. ஆயினும் அவர் விடை கூறாமல், திருமலைக்குச் சென்று அனந்தாழ்வானைக் கேட்குமாறு பணித்தார். அனந்தாழ்வான், உடையவரின் நியமனத்தைத் தலைமேற்கொண்டு திருமலைக்குச் சென்று, நந்தவனம் அமைத்துத் திருவேங்கடமுடையானுக்குப் புஷ்பகைங்கர்யம் செய்துவந்த மஹான்.

வந்தவர் கேட்ட கேள்விக்கு அனந்தாழ்வான் உடனே விடை சொல்லவில்லை. அவருடைய திருமாளிகையில் ததீயாராதனம் நடக்கும்போது, வந்தவரும் பந்தியில் அமர்வார். வேறு ஸ்ரீவைஷ்ணவர்கள் வந்தால் இவரை எழுந்து இடம்விடச் சொல்வார்கள். இவரும் முகம் கோணாமல் எழுந்து காத்திருந்து, கடைசியாக அமுது செய்வார். இவ்வாறு ஆறு மாதங்கள் கழிந்தன என்பர். அதன்பின் ஒருநாள் அனந்தாழ்வான், வைஷ்ணவன் கொக்கைப்போலவும், கோழியைப்போலவும், உப்பைப்போலவும், கேட்க வந்த அவரைப்போலவும் இருப்பான் என்று விடை அருளினார்.

இந்நான்கு உவமைகளுக்கும் பெரியோர் கூறும் பொருள் வருமாறு. நீர்நிலையில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு, சிறுமீன்கள் ஓடும்போது அசையாமல் நின்று, உறுமீன் வரும்வரை காத்திருக்கும். அவ்வாறே வைஷ்ணவன் சிறுபலன்களில் மனம் செலுத்தாமல், உயர்ந்த பேறான எம்பெருமானின் கைங்கர்யத்திலேயே நோக்கை நிறுத்துவான். கோழி குப்பையைக் கிளறினும் தானியத்தையே பொறுக்கும். அவ்வாறே அவன் கண்டதும் கேட்டதுமான பலவற்றுள் ஸாரத்தை மட்டும் தெரிந்துகொள்வான். உப்பு உணவில் கரைந்து தன் உருவை இழக்கும். அது இருப்பதை எவரும் பாராட்டுவதில்லை, ஆனால் அது இல்லையென்றால் அனைவரும் உணர்வர். அவ்வாறே அவன் கோஷ்டியில் தன்னைத் தனித்துக் காட்டாமல் கலந்து பயன்படுவான்.

நான்காம் உவமையே இவற்றுக்கெல்லாம் சிகரம். பந்தியில் எழுப்பப்பட்டபோதெல்லாம் சினவாமல் எழுந்த அந்த ஸ்ரீவைஷ்ணவர், தாம் தேடிவந்த லக்ஷணம் தம்மிடமே விளைந்துவருவதை அறியாதிருந்தார். பட்டர் விடை சொல்லாமல் திருமலைக்கு அனுப்பியதன் காரணமும் இங்கே விளங்குகின்றது. பொறுமை இன்னதென்று கேட்டறிவது ஒன்று. பசித்த வயிற்றோடு பந்தியிலிருந்து எழுந்து அறிவது மற்றொன்று.

தானே அறியும் அடையாளம்

அவ்வாறாயின், ஒருவனிடம் வைஷ்ணவத்வம் உண்டா இல்லையா என்பதை யார் தீர்மானிப்பது? இதற்கு நஞ்சீயரின் வார்த்தை விடையாகின்றது. நஞ்சீயர் பூர்வாசிரமத்தில் பெரும் வேதாந்தியாகவும் செல்வராகவும் விளங்கியவர். பட்டரோடு வாதம் செய்து, அவர் திருவடிகளில் பணிந்தவர். தம் செல்வத்தைத் துறந்து ஸந்நியாஸம் ஏற்றுத் திருவரங்கம் வந்தவர். ‘ஒன்பதினாயிரப்படி’ என்னும் திருவாய்மொழி வியாக்கியானத்தை அருளியவர்.

பிறர் படும் துன்பத்தைக் காணும்போது, ஐயோ என்று உள்ளம் இரங்கினால் தனக்கு எம்பெருமானோடு ஸம்பந்தம் உண்டு என்று ஒருவன் அறிந்துகொள்ளலாம். இவனுக்கு இது வேண்டியதே என்று தோன்றினால் ஸம்பந்தம் இல்லை என்று அறிந்துகொள்ளலாம். நஞ்சீயர் பலகாலும் அருளிச்செய்ததன் கருத்து இதுவே. இச்சோதனையை வேறொருவர் நடத்த இயலாது. நெற்றியை உலகம் காணும். நெஞ்சின் முதல் அசைவை அவனவனே அறிவான். பிறரை அளப்பதற்கு அன்று, தன்னைத்தானே அளந்துகொள்வதற்கே நஞ்சீயர் இவ்வளவுகோலைத் தந்தார்.

வாசலில் காத்திருந்த ஆசார்யர்

நஞ்சீயரின் சிஷ்யர் நம்பிள்ளை. அவருடைய காலக்ஷேபத்துக்குத் திருவரங்கத்தில் திரண்ட கோஷ்டி மிகப் பெரிது. முதலியாண்டானின் வம்சத்தில் வந்த கந்தாடைத் தோழப்பர் இப்பெருமையைப் பொறாமல், பெரிய பெருமாள் ஸந்நிதியிலேயே, பலர் காண நம்பிள்ளையைக் கடிந்து பேசிவிட்டார். நம்பிள்ளை ஒரு சொல்லும் மறுத்துரையாமல் தலைவணங்கித் தம் திருமாளிகைக்கு எழுந்தருளினார். செய்தி கேட்ட தோழப்பரின் தேவியார் தம் கணவருக்கு அவர் செய்த அபசாரத்தை உணர்த்தினார். தோழப்பரும் மனம் நொந்து, பொறுத்தருள வேண்டுவதற்காக இருள் பிரியுமுன் கதவைத் திறந்தார். வாசலில் ஒருவர் காத்துக்கிடப்பதைக் கண்டார். அவர் நம்பிள்ளையே!

முதலியாண்டானின் திருவம்சத்தில் வந்தவர் திருவுள்ளம் சீறும்படி தாம் நடந்துகொண்டதற்குப் பொறுத்தருளவேண்டும் என்று நம்பிள்ளை வேண்டி நின்றார். தோழப்பர் உருகினார். ஒருசிலருக்கு அல்லர், உலகுக்கெல்லாம் இவரே ஆசார்யர் என்று போற்றி, ‘லோகாசார்யர்’ என்னும் திருநாமத்தைச் சாற்றினார். வடக்குத் திருவீதிப் பிள்ளை தம் திருக்குமாரருக்குப் பிள்ளை லோகாசார்யர் என்று பெயரிட்டது இத்திருநாமத்தை நினைந்தே. ஆயிரம் நாள் காலக்ஷேபம் உணர்த்துவதை அந்த ஓர் இரவின் காத்திருப்பு உணர்த்திற்று.

உத்ஸவ காலத்தில் இதன் பயன்

பெரிய நம்பி துணிவால் விடை தந்தார். அனந்தாழ்வான் திருமாளிகையில் காத்திருந்தவர் பொறுமையால் விடை ஆனார். நஞ்சீயர் இரக்கத்தை அளவுகோலாக்கினார். நம்பிள்ளை பணிவால் பகையை வென்றார். வழி நான்காயினும் பொருள் ஒன்றே. ஓதுவதும் நடப்பதும் இரண்டாக நில்லாமல் ஒன்றாவதே வைஷ்ணவ லக்ஷணம்.

உத்ஸவத்துக்கு எழுந்தருளியுள்ள அடியார்களுக்கு இதனைப் பயில்வதற்கு வேறு இடம் தேடவேண்டுவதில்லை. ஸேவைக்கு நிற்கும் வரிசையில் முதியவர் ஒருவருக்கு முன்னிடம் தருவதும், பந்தியில் இன்னொருவர் அமரத் தாம் எழுவதும், வடம் பிடிக்கும் கைகளுள் பக்கத்துக் கை எக்குலத்தது என்று எண்ணாதிருப்பதும், கூட்டத்தில் கடுஞ்சொல் கேட்டபோது மறுசொல் கூறாதிருப்பதும் இப்பாடத்தின் முதற்படிகள். கோஷ்டியில் ஒலிக்கும் திவ்யப்ரபந்தம் கடலோசையாக ஓய்ந்துவிடாமல், ஊர் திரும்பிய பின்னும் ஒவ்வோர் இல்லத்திலும் நடையாக விளங்குமாறு எம்பெருமான் திருவருள் புரிவானாக!