சைவ விருந்து: ஒரு கணக்கு



நூம்பல் பக்கத்துத் தொழிற்கூடம் ஒன்றில் ஆண்டு விழா விருந்து எனக் கொள்வோம். சைவம் மட்டும் போதுமா? 2017இல் ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சகம் தன் விருந்துகளில் இறைச்சியையும் மீனையும் விலக்கியது. புவி வெப்பமே காரணம்.

ஆடு, மாடு முதலிய அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கும்.

2018இல் வெளியான ஆய்வின் உலகச் சராசரியைப் பாருங்கள். ஒரு கிலோ செம்மறி இறைச்சிக்கு, கரியமில வாயுக் கணக்கில், சுமார் 40 கிலோ வாயு வெளியாகிறது. கோழிக்கு 10, பட்டாணிக்கு 1, ஒரு லிட்டர் பாலுக்கு 3. ஒரு கிலோ பன்னீருக்குச் சுமார் 5 லிட்டர் பால் வேண்டும். 5×3=15. கோழியைவிட அதிகம்!

ஆகவே, ஆட்டிறைச்சிக்குப் பதில் பட்டாணி வைத்தால் இலாபம்; கோழிக்குப் பதில் பன்னீர் வைத்தால் நட்டம். ‘சைவம்’ என்ற பெயர் மட்டும் புவியைக் குளிர்விக்காது.

மேலும், நம் நாட்டில் உணவு சாதியோடும் பிணைந்தது. கணக்கைக் காட்டாமல் இறைச்சியைத் தடுத்தால், அதை உண்பவர் தம்மை இழிவுபடுத்துவதாகவே கருதுவார். கணக்கைக் காட்டினால் அவரும் சேர்ந்து யோசிப்பார்.

உங்கள் பள்ளி விழா உணவுப் பட்டியலையும் இவ்வாறே கணக்கிட்டுப் பாருங்கள்.