எடை குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேகப் பயிற்சி

மிகையான உடற்பருமனுக்குப் பரிகாரமாக இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை இன்று நம் நாட்டின் பெருநகரங்கள் பலவற்றில் நடைபெற்று வருகிறது. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாவில் மேசன், இடோ என்னும் மருத்துவர் இருவர் இரைப்பையின் மேற்பகுதியைத் தனியே பிரித்துச் சிறுகுடலுடன் இணைத்தனர். அதற்குப் பின் முறைகள் பலவாறு திருந்தியுள்ளன. இப்போது பெரிதும் கையாளப்படும் ஒரு முறையில், இரைப்பையில் முக்கால் பங்கோ அதற்குச் சற்று மிகையாகவோ நீக்கப்பட்டு, எஞ்சியது வாழைக்காய் போன்ற ஒடுங்கிய குழாயாகிறது. பசியைத் தூண்டும் சுரப்பின் பெரும்பகுதியும் நீக்கப்பட்ட பாகத்தோடு போய்விடுவதால், நோயாளி குறைவாக உண்டே நிறைவு பெறுகிறார். எடையும் விரைந்து இறங்குகிறது. அவ்வாறு இறங்கும்போது உடலில் இன்னின்னவை குறைகின்றன என்பதையும், அதில் தேகப் பயிற்சிக்குள்ள பங்கையும் ஈண்டு ஆராய்வோம்.

இதற்குப் பங்காருபேட்டையையும் அதனை அடுத்த கோலார் தங்க வயலையும் எடுத்துக்கொள்வது பொருத்தமாகும். பங்காருபேட்டைச் சந்திப்பிலிருந்து கோரமண்டல், உரிகம், சாம்பியன் நிலையங்கள் வழியாக மாரிக்குப்பம் வரை செல்லும் கிளை இருப்புப்பாதை, சுரங்கங்களுக்காகவே 1894-இல் அமைக்கப்பட்டது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. தந்தையர் பாறையைத் துளைத்துப் பிழைத்த ஊரில், மக்கள் இன்று நாள்தோறும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு ரயிலில் சென்று, அங்கும் பெரும்பாலும் அமர்ந்தே பணி புரிந்து திரும்புகின்றனர். சுரங்க உழைப்பை ஆரோக்கியமானது என்று எவரும் போற்ற வேண்டுவதில்லை. கல்தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் அங்கே ஏராளம். எனினும், உடலுக்கு அசைவே இல்லாத வாழ்க்கை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் நன்றன்று. மேலும், இப்பகுதியினர் இத்தகைய சிகிச்சைக்குப் பெங்களூர் போன்ற நகரத்தையே நாட வேண்டியவர்கள். மருத்துவர் ஓரூரிலும் நோயாளி வேறோரூரிலும் இருக்க, நாள்தோறும் செய்ய வேண்டிய பயிற்சி நோயாளியின் பொறுப்பிலேயே விடப்படுகிறது. ஆகவே அதன் காரணத்தையும் முறையையும் அவர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

குறைவது கொழுப்பு மட்டுமன்று. இழக்கப்படும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தசை முதலிய கொழுப்பற்ற பாகங்களைச் சார்ந்தது. 40 கிலோ குறைந்த ஒருவர், சுமார் 10 கிலோ அளவிற்குப் பயனுள்ள உடற்பொருளையும் இழந்திருப்பார். எலும்பின் அடர்த்தியும் குறையக்கூடும். இந்தியர்க்கு இது சற்று மிகையாகவே கவலை தருவது. ஐரோப்பியரோடு ஒப்பிடுங்கால், ஒரே எடையும் உயரமும் உடைய இந்தியரின் உடலில் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருத்தல் பல ஆய்வுகளில் கண்ட உண்மை. இதனாலேயே, கிலோகிராமில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் 27.5-ஐக் கடந்த ஆசிய மக்களுக்கு இச்சிகிச்சையை அளிக்கலாம் என்று 2022-இல் சர்வதேச வல்லுநர்கள் வரையறுத்தனர்; பிற மக்களுக்கு அவ்வரம்பு 35. முதலிலேயே சிறிதாயுள்ள தசைமூலதனத்திலிருந்து இழப்பவர், மற்றவரைக் காட்டிலும் விரைவில் தளர்வதில் வியப்பில்லை.

இங்குதான் பலர் ஏமாற்றம் அடைகின்றனர். பயிற்சி செய்தால் எடை இன்னும் வேகமாகக் குறையும் என்று நம்பித் தொடங்கி, தராசு அசையாதது கண்டு சில வாரங்களில் கைவிடுகின்றனர். 2021-இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் பல சோதனைகளைத் தொகுத்து நோக்கியபோது, சிகிச்சைக்குப் பின் பயிற்சி செய்தவர்கள் செய்யாதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 2 கிலோ மட்டுமே மிகையாகக் குறைந்திருந்தனர். ஆனால் அதே சோதனைகளில், மூச்சு வாங்காமல் உழைக்கும் திறனும், தசையின் வலிமையும், எலும்பின் அடர்த்தியும் பயிற்சியாளர்க்கு மேம்பட்டிருந்தன. தசையின் பருமனைப் பயிற்சி முழுவதும் காத்துவிடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. எஞ்சிய தசையை வலிமையுள்ளதாக்கும் என்பதற்குச் சான்று உண்டு. ஆகவே பயிற்சியின் பயனைத் தராசில் தேடுவது தவறு.

அதனைக் கணிக்க எளிய முறை ஒன்று உள்ளது. கைப்பிடியற்ற உறுதியான நாற்காலியைச் சுவரோரம் வைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுவதும் எழுந்து அமர முடிகிறது என்று எண்ண வேண்டும். மாதம் ஒரு முறை எண்ணிக் குறித்து வந்தால், தொடையின் வலிமை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது விளங்கும். எடை இறங்கும்போதே இந்த எண்ணும் இறங்குமாயின், உணவையும் பயிற்சியையும் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய வேளை வந்துவிட்டது எனக் கொள்க.

பயிற்சி அறுவை நடந்த அன்றோ மறுநாளோ தொடங்குகிறது. மருத்துவமனைக் கூடத்தில் சில அடிகள் நடக்கச் செய்வது, கால் நரம்புகளில் இரத்தம் உறைந்து கட்டியாவதைத் தடுப்பதற்காகவே. வீடு திரும்பிய பின் ஒரு நாளில் பலமுறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் நடப்பது போதும். வயிற்றுச் சுவர் ஆறுவதற்காக முதல் 4 முதல் 6 வாரங்களுக்குப் பளு தூக்கலாகாது. தண்ணீர் நிறைந்த குடமும் எரிவாயு உருளையும் பளுவே என்பதை வீட்டிலுள்ளோர் மறந்துவிடுகின்றனர். அதன் பின் மருத்துவரின் இசைவுடன், வாரத்தில் 150 நிமிட அளவுக்கு விரைவு நடையும், இரண்டு அல்லது மூன்று நாட்கள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் நோக்கமாகக் கொள்ளலாம். நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், மணல் நிரப்பிய புட்டிகளைத் தூக்குதல் ஆகியவற்றுக்குப் பணச்செலவு இல்லை. தூக்கும்போது மூச்சை அடக்கலாகாது. ரயிலில் செல்வோர் வண்டி வருமுன் நடைமேடையை இரு முனைகளுக்கிடையே நடந்து முடிக்கலாம். மேம்பாலப் படிகளைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம். முழங்கால் நோயுள்ளவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை: ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. தங்க வயலில் இருப்போர், காற்று வீசும் மாதங்களில் சுரங்கக் கழிவு மேடுகளின் பக்கம் நடப்பதைத் தவிர்த்தல் நலம். அத்தூசி மூச்சுக்கு ஆகாது.

உணவின்றிப் பயிற்சி பயன்படாது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. கேழ்வரகு சுண்ணாம்புச் சத்து மிகுந்ததாயினும், 100 கிராம் மாவில் புரதம் சுமார் 7 கிராமே உள்ளது. சுருங்கிய இரைப்பையில் களி இடத்தை அடைத்துக்கொண்டால் முட்டைக்கும் பருப்புக்கும் மீனுக்கும் தயிருக்கும் இடமிராது. ஆகவே புரத உணவை முதலில் உண்க. நீரை உணவோடு அருந்தாமல், அரை மணி நேரம் கழித்து, மிடறு மிடறாக நாள் முழுதும் பருகுதல் வேண்டும். ஒரே மூச்சில் குடித்துத் தாகம் தீர்க்கும் வழக்கம் இனி இயலாது. பயிற்சிக்கு முன் இனிப்பான தேநீரோ பழரசமோ அருந்தினால், அது குடலில் விரைந்து இறங்கிப் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் உண்டாக்கக்கூடும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ பழைய அளவிலேயே கொள்வோர்க்குப் பயிற்சியின்போது இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவு தாழலாம். அளவைத் திருத்தும் பொறுப்பு மருத்துவருடையது. இரும்பு, பி12, டி வைட்டமின், சுண்ணாம்பு ஆகியவற்றுக்குரிய மாத்திரைகளைத் தாமே நிறுத்துவோர், இரத்தசோகையால் வரும் களைப்பைப் பயிற்சியின் குற்றமாகக் கருதிவிடுகின்றனர்.

சில குறிகள் தோன்றினால் பயிற்சியை உடனே நிறுத்திவிட வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல், திடீரென மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஓய்விலும் குறையாத மிகை நாடித்துடிப்பு ஆகியவற்றுக்கு அருகிலுள்ள மருத்துவமனையை அன்றே நாடுக. நாட்கணக்கில் ஓயாத வாந்தியும், அதனோடு கால் மரத்தலோ நடையில் தள்ளாட்டமோ காணின், அது பி1 வைட்டமின் குறைவாக இருக்கலாம். அவ்வேளை அடுத்த மாதத்துச் சோதனை நாள் வரை காத்திராமல், அறுவை செய்த மருத்துவருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.