ஃபோர்ஹேண்டும் ஒற்றைக் கை பேக்ஹேண்டும்: டென்னிஸ் பழகுவோருக்கு 13 குறிப்புகள்

ஃபோர்ஹேண்ட் ஓரளவு கைவந்த பிறகு, அதே பழக்கத்தோடு பேக்ஹேண்ட் ஆடினால் பந்து வலையில் விழும். இல்லாவிட்டால் கோட்டைத் தாண்டிப் பறக்கும். காரணம் தோள். பந்தை அடிக்கப் பக்கவாட்டில் திரும்பும்போது, ஃபோர்ஹேண்டில் ராக்கெட் பிடித்த தோள் பின்னால் போகிறது. ஒற்றைக் கை பேக்ஹேண்டில் அதே தோள் முன்னால் வந்துவிடுகிறது. மற்ற வித்தியாசங்கள் பெரும்பாலும் இதிலிருந்து வருபவைதான். கீழே உள்ளவை வலது கைக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் வலம் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. ராக்கெட் கைப்பிடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், எட்டுப் பட்டைகள் இருக்கும். நரம்புப் பகுதி சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும்படி பிடித்தால், மேலே இருப்பது 1-ம் பட்டை. அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் எண்ணுங்கள். ஆள்காட்டி விரலின் அடிக்கணு 3-ல் இருந்தால் ஈஸ்டர்ன் ஃபோர்ஹேண்ட் பிடி, 4-ல் இருந்தால் செமி வெஸ்டர்ன். ஒற்றைக் கை டாப்ஸ்பின் பேக்ஹேண்டுக்கு அந்தக் கணு 1-ம் பட்டைக்கு வர வேண்டும். ஃபோர்ஹேண்ட் பிடியை மாற்றாமல் பேக்ஹேண்ட் அடித்தால் ராக்கெட் வானம் பார்க்கும். அதைச் சமாளிக்க மணிக்கட்டை வளைப்போம். வலி அங்கேதான் தொடங்கும்.

2. பிடியை மாற்றும் வேலை இடது கைக்கு. பந்துக்குப் பந்து இடையே ராக்கெட்டின் கழுத்தை இடது கை தாங்கட்டும். பேக்ஹேண்ட் பக்கம் பந்து வருகிறது என்று தெரிந்ததும், இடது கை ராக்கெட்டைத் திருப்ப, வலது கை விரல்களைச் சற்றுத் தளர்த்தினால் போதும். வலது கையாலேயே உருட்டி மாற்றினால் அவசரத்தில் பாதியில் நின்றுவிடும்.

3. பட்டை பிடிபடவில்லையா? ஓவர்கிரிப் சுற்றும்போது 1-ம் பட்டையின் மேல் தையல் நூல் ஒன்றை நீளவாக்கில் வைத்து, அதன் மேல் சுற்றுங்கள். குனிந்து பார்க்காமலே விரல் கணு இடத்தைக் கண்டுபிடிக்கும். பழகிய பிறகு நூலை எடுத்துவிடலாம்.

4. ஃபோர்ஹேண்டில் பந்தை இடுப்புக்குச் சற்று முன்னால் சந்திக்கிறோம். கொஞ்சம் தாமதமானாலும் முழங்கையை மடக்கி ஒப்பேற்றலாம். பேக்ஹேண்டில் அடிக்கும் தோள் ஏற்கெனவே முன்னால் இருப்பதால், முன்வைத்த வலது காலையும் தாண்டி ஏறக்குறைய ஒரு சாண் முன்னால் பந்தைச் சந்திக்க வேண்டும். தாமதமானால் தப்பிக்க வழியில்லை. ஆகவே பந்து வலையைக் கடப்பதற்குள் தோளைத் திருப்பி முடித்துவிடுங்கள்.

5. எவ்வளவு திரும்ப வேண்டும்? ஃபோர்ஹேண்டில் இடது கை மார்புக்குக் குறுக்கே நீண்டால் போதிய அளவு திரும்பிவிட்டீர்கள். பேக்ஹேண்டில் மோவாய் வலது தோள் மேல் வர வேண்டும். எதிராளிக்கு உங்கள் முதுகில் கொஞ்சம் தெரிய வேண்டும்.

6. ஃபோர்ஹேண்டை வலைக்கு நேராக நின்றும் அடிக்கலாம்; இடுப்பு சுழன்று தோளை முன்னே கொண்டுவந்துவிடும். பேக்ஹேண்டில் இந்தச் சலுகை குறைவு. வலது காலைப் பந்தை நோக்கி எடுத்து வைத்து, உடல் எடையை அந்தக் காலுக்கு மாற்றி அடியுங்கள்.

7. ஃபோர்ஹேண்ட் முடியும்போது தொப்புள் வலையைப் பார்க்கும். பேக்ஹேண்டில் பந்து போன பிறகும் உடல் பக்கவாட்டிலேயே இருக்கட்டும். உறையிலிருந்து வாளை உருவுவது போலக் கை கீழிருந்து முன்னும் மேலுமாகப் போக வேண்டும். உடலும் கூடவே சுழன்றால் பந்து பக்கவாட்டில் இழுபடும்.

8. உடல் சுழலாமல் பிடித்து நிறுத்துவது இடது கைதான். ஃபோர்ஹேண்டில் அது மடங்கி உடலோடு சேர்ந்துவிடும். பேக்ஹேண்டில் வலது கை முன்னே பாயும்போது இடது கை பின்னால் நீள வேண்டும். ஸ்டான் வாவ்ரிங்கா, ஜஸ்டின் ஹெனின் படங்களைப் பாருங்கள்: அடித்து முடித்த நிலையில் இரு கைகளும் இரு பக்கம் விரிந்திருக்கும்.

9. ஃபோர்ஹேண்டில் கை நீட்டியும் அடிக்கலாம், மடக்கியும் அடிக்கலாம். ஃபெடரரும் நடாலும் நீட்டி அடித்தவர்கள். ஜோகோவிச் மடக்கி அடிப்பவர். பேக்ஹேண்டில் பந்தைத் தொடும்போது முழங்கை நீண்டு, மணிக்கட்டு இறுகியிருக்க வேண்டும். முழங்கையை முன்னே தள்ளி, மணிக்கட்டால் சுண்டி அடிப்பவர்களுக்கு முழங்கையின் வெளிப்புறத்தில் வலி வரும். டென்னிஸ் எல்போ என்பது அதுதான். வலித்தால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். ராக்கெட் நரம்பின் இறுக்கத்தைச் சற்றுக் குறைத்துக் கட்டினாலும் கைக்கு இதமாக இருக்கும்.

10. தோள் உயரத்துக்கு எழும் பந்துதான் ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்குப் பெரிய சோதனை. செமி வெஸ்டர்ன் பிடியில் ஃபோர்ஹேண்ட் அதைச் சுலபமாகச் சமாளிக்கும். பேக்ஹேண்டில் அந்த உயரத்தில் கைக்கு வலுக் குறைவு. 2006, 2007, 2008, 2011 பிரெஞ்சு ஓபன் இறுதி ஆட்டங்களில் ஃபெடரரை நடால் வென்றதில், பேக்ஹேண்ட் பக்கம் எகிறிய டாப்ஸ்பின் பந்துகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னால் ஒதுங்கி, பந்து இறங்கும்வரை காத்திருப்பது ஒரு வழி. முன்னே போய், எழும்போதே அடிப்பது இன்னொன்று. 90 சதுர அங்குல ராக்கெட்டை விட்டு 97-க்கு மாறியிருந்த ஃபெடரர், 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் அப்படித்தான் அடித்து, ஐந்து செட்டில் நடாலை வென்றார்.

11. மூன்றாவது வழி ஸ்லைஸ். கணுவை 2-ம் பட்டைக்குக் கொண்டுவந்து, ராக்கெட்டைச் சற்றே மேல்நோக்கித் திறந்து, மேலிருந்து கீழாகப் பந்தின் பின்புறத்தைச் சீவுங்கள். உயரப் பந்து, தாழ்ந்த பந்து, ஓடி எட்டிப் பிடிக்கும் பந்து மூன்றுக்கும் இது உதவும். ஸ்டெஃபி கிராஃப் பேக்ஹேண்ட் பக்கம் பெரும்பாலும் ஸ்லைஸ் ஆடியே உலகின் முதலிடத்தில் இருந்தார்.

12. வீட்டிலும் பழகலாம். மின்விசிறியும் டியூப்லைட்டும் எட்டாத இடமாகப் பார்த்து, கண்ணாடி முன் நின்று பந்தில்லாமல் வீசுங்கள். ராக்கெட் காற்றைக் கிழிக்கும் ‘விஷ்’ சத்தம் உடலுக்கு முன்னால் கேட்க வேண்டும். பின்னால் கேட்டால் விசையைத் தொடக்கத்திலேயே செலவழித்துவிட்டீர்கள். கோர்ட்டில் முதலில் குறுக்காக, கிராஸ் கோர்ட்டாகவே அடியுங்கள். வலை ஓரக் கம்பங்களில் 1.07 மீட்டர் உயரம், நடுவில் 0.914 மீட்டர்தான். கோர்ட்டின் நீளமும் நேர்க்கோட்டில் 23.77 மீட்டர், மூலைக்கு மூலை 25 மீட்டருக்கு மேல்.

13. சின்னக் குழந்தைகளை ஒற்றைக் கைக்கு அவசரப்படுத்தாதீர்கள். தோளிலும் முன்கையிலும் வலு ஏற வேண்டும். பீட் சாம்ப்ரஸே சிறுவயதில் இரு கையால் ஆடி, பதின்பருவத்தில்தான் ஒற்றைக் கைக்கு மாறினார். 2024 பிப்ரவரியில் ஆண்கள் தரவரிசையின் முதல் பத்து பேரில் ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரர் ஒருவர்கூட இல்லை. 1973-ல் தரவரிசை தொடங்கியதிலிருந்து அதுவே முதல்முறை. எனவே விருப்பமும் பொறுமையும் உள்ள பிள்ளைக்கு மட்டும் மாற்றுங்கள். போட்டிகள் இல்லாத மாதங்களில் தொடங்குங்கள். கொஞ்ச நாள் பந்து வலையில்தான் விழும், அதற்காகத் திட்ட வேண்டாம்.