முழங்காலும் கால அட்டவணையும்

வேதபாடம்: நெகேமியா 1:1 முதல் 2:8 வரை, யாக்கோபு 4:13-15



வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற விசுவாசக் குடும்பங்களில் இரண்டு விதமான பேச்சு உண்டு. "எல்லாம் கர்த்தர் பார்த்துக்குவார், டைம்டேபிள் எதுக்கு?" என்பார்கள் சிலர். "ஜெபிக்க எங்கே நேரம்? இந்த மாசத்துக்குள்ள கணக்குப் புத்தகத்தை முடிக்கணுமே!" என்பார்கள் வேறு சிலர். முதல் வீட்டில் பிள்ளைக்குப் பத்து வயதாகியும் வகுத்தல் தெரியாது. இரண்டாம் வீட்டில் பாடம் முடிகிறது, ஆனால் பிள்ளையும் அழுகிறது, அம்மாவும் அழுகிறாள். இரண்டிலும் நஷ்டம் பிள்ளைக்குத்தான். போன வருஷம் திரும்பி வராது.

1. ஜெபித்தவனிடம் திட்டம் இருந்தது

எருசலேமின் அலங்கம் இடிந்த செய்தி கிஸ்லேயு மாதத்தில் நெகேமியாவுக்கு வந்தது. அவன் அழுது, உபவாசித்து, ஜெபித்தான். ராஜாவிடம் அவன் பேசியதோ நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம்! ராஜா கேட்டபோது, வாய் திறக்கும் முன் மறுபடியும் ஒரு ஜெபம் (2:4). அதன்பின் அவன் சொன்னதைக் கவனியுங்கள்: எத்தனை காலம் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், மரம் யாரிடம் வாங்க வேண்டும். எல்லாம் கையில் தயாராக இருந்தது. நான்கு மாத ஜெபம் அவனைச் சும்மா உட்கார வைக்கவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது. அலங்கம் 52 நாளில் முடிந்தது (6:15).

2. எப்வர்த் வீட்டுப் பள்ளி

ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி என்ற ஊழியக்காரரின் தாய் சூசன்னா வெஸ்லி அம்மையார் (1669-1742) இங்கிலாந்தில் எப்வர்த் என்ற ஊரில் வாழ்ந்தார். 19 பிள்ளைகளைப் பெற்றார். பலரைச் சிசுப் பருவத்திலேயே அடக்கம் செய்தார். மிஞ்சினவர்களுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தினார்.

பிள்ளைக்கு ஐந்து வயது ஆனதும் எழுத்துப் பாடம். அதற்கு முந்தின நாளே வீட்டை ஒழுங்குபடுத்தி, அவரவர் வேலையைப் பிரித்துக்கொடுத்துவிடுவார். காலை 9 முதல் 12 வரை, பிற்பகல் 2 முதல் 5 வரை அந்த அறைக்குள் யாரும் வரக்கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் ஒரே நாளில் எழுத்துக்களைக் கற்றார்கள். இரண்டு பெண்பிள்ளைகளுக்கு ஒன்றரை நாள் ஆனது. அடுத்து ஆதியாகமம் முதலாம் அதிகாரம்.

1709-ல் வீடு தீக்கிரையானது. பிள்ளைகள் பல வீடுகளில் சிதறித் தங்கி, கெட்ட பழக்கங்களோடு திரும்பினார்கள். அம்மையார் சோர்ந்துபோகவில்லை. ஒழுங்கை மறுபடியும் தொடங்கினார். சங்கீதம் பாடி வகுப்பைத் தொடங்கவும் முடிக்கவும் செய்தார்.

இன்னொன்று நம் தமிழ் மண்ணோடு சம்பந்தப்பட்டது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், புளூட்சோ ஆகிய மிஷனரிகளின் வரலாற்றை அம்மையார் வாசித்தபோது உள்ளம் அனலாயிற்று. "என் பிள்ளைகளின் ஆத்துமாவுக்கு நான் இன்னும் என்ன செய்யலாம்?" என்ற பாரம் பிடித்தது. அந்தப் பாரம் என்ன ஆனது தெரியுமா? ஒரு அட்டவணையானது! ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச நேரம் ஒதுக்கினார். வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்லஸுக்கு. ஜான் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்தபோதும், அந்த வியாழன் மாலையில் கொஞ்சம் எனக்குத் தாருங்கள் என்று தாய்க்கு எழுதிக் கேட்டார்.

பாரம் மட்டும் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் ஆறிப்போயிருக்கும். அட்டவணை மட்டும் இருந்திருந்தால் வளர்ந்த மகன் அதை ஏங்கிக் கேட்டிருப்பானா?

3. திட்டம் எஜமான் அல்ல

நாளைக்கு இன்ன பட்டணத்துக்குப் போவோம் என்று பேசுகிறவர்களை யாக்கோபு கண்டிக்கிறார். திட்டம் போட்டதற்காக அல்ல, கர்த்தருடைய சித்தத்தைக் கேளாமல் போட்டதற்காக. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பின்னப் பாடத்துக்கு எழுப்புகிறவர் அட்டவணையைச் சேவிக்கிறார். அதேபோல, பாடம் ஆயத்தப்படுத்தாமல் "ஜெபம் பண்ணிட்டேன்" என்று சொல்வதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தால், ஜெபம் என்பது சோம்பலுக்கு மறுபெயர் என்று கற்றுக்கொள்ளும். அந்தப் பாடத்தை அழிப்பது கடினம்.

4. இந்த வாரமே தொடங்குங்கள்

- சனிக்கிழமை இரவு தகப்பனும் தாயும் சேர்ந்து உட்காருங்கள். முதலில் ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் சொல்லி ஜெபம், அதன்பின்பே நோட்டு.
- "கணக்கு நல்லா வரணும்" என்று பொதுவாக ஜெபிக்காதீர்கள். எங்கே தடுக்குகிறான் என்று பார்த்து, அதைச் சொல்லி ஜெபியுங்கள். திங்கட்கிழமை அங்கேயே தொடங்குங்கள்.
- வாரத்தில் ஒரு அரை நாளைக் காலியாக விடுங்கள். விருந்தினர், வியாதி, விட்டுப்போன பாடம் எல்லாவற்றுக்கும் அது உதவும்.
- தேசிய திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) மூலம் 10-ம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயது நிறைந்திருக்க வேண்டும், பதிவுக்குக் கடைசித் தேதியும் உண்டு. அதை விசாரித்துக் காலண்டரில் குறிப்பது அவிசுவாசம் அல்ல, உண்மையுள்ள உக்கிராணத்துவம்.
- ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலை. புத்தகம் வேண்டாம். கேளுங்கள், பேசுங்கள், சேர்ந்து ஜெபியுங்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்: நம் பிள்ளைகளில் யாருக்காக அதிகம் ஜெபிக்கிறோம், ஆனால் நேரம் ஒதுக்கவில்லை? யாருக்கு அதிக நேரம் கொடுக்கிறோம், ஆனால் ஜெபிக்கவில்லை?

நெகேமியாவின் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் வீட்டுப் பள்ளியையும் கட்டி எழுப்புவாராக. ஆமென்.